கயிறு பிடித்தவனுக்கு ஒரு கோர்வை மீன்

2002 சித்திரையில், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தது. 2004 மார்கழியில் கடல் எழுந்து வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் வன்னிக்குக் கிடைத்த கொஞ்சக் காலத்தில் நான் முள்ளியவளை வித்தியானந்தாவில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மூன்று பேர், இரண்டு சைக்கிள். மூவரின் சட்டைப்பைகளையும் உதறினால் தேத்தண்ணிக்குக் காணும், வாய்ப்பனுக்குக் காணாது. தண்ணீரூற்றுச் சந்தியைத் தாண்டிக் கிழக்கே மிதித்தால் முல்லைத்தீவு.

பட்டினம் என்று சொல்ல அங்கே அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. 1996 ஆடியில் நடந்த இராணுவ முகாம் சண்டைக்குப் பிறகு கூரையில்லாத சுவர்களும், சுவர்களுக்குள் முளைத்த ஆலங்கன்றுகளும்தான் மிச்சம். வெள்ளைக்காரன் கட்டிய வெளிச்ச வீடும் போய்விட்டிருந்தது. துறை என்றால் கல்லணையோ இறங்குதுறையோ கிடையாது. மணலில் ஏற்றிவிட்ட வள்ளங்களும், அவற்றுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த வாடிகளும்தான் துறை. கள்ளப்பாட்டில் தொடங்கி சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கொக்கிளாய் வரை இதே மணல்தான் போகும். எங்கள் கால் பெரும்பாலும் கள்ளப்பாட்டோடு நின்றுவிடும்.

கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போனவனுக்குக் காசு தேவையில்லை. ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை வளைத்துப்போட்டு மறு தலைப்பை எட்டத்தில் கொண்டுவந்து கரை சேர்க்கும். பிறகு இரண்டு அணி, இரண்டு கயிறு. பின்பக்கமாகக் காலை மணலில் புதைத்துச் சரிந்து இழுக்கவேண்டும். வாலில் நிற்பவன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் நிற்கும் முன்னாளுக்கு முன்னால் பிடிப்பான். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கும். ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சில அடிகள் எங்களைப் போன்ற பள்ளிக்கூடப் பெடியளின் காதுக்கு ஏற்றவை அல்ல; அவற்றைத்தான் நாங்கள் முதலில் பாடமாக்கினோம்.

சும்மா நின்று விடுப்புப் பார்த்தால் சத்தம் வரும்: "தம்பிமார், கையில என்ன, மருதோண்டியே போட்டிருக்கிறியள்? வந்து பிடியுங்கோ." பிடித்தோம். முதல் நாள் உள்ளங்கை கிழிந்தது. பிறகு காய்த்தது. வலையின் மடி கரைக்கு வரும் நேரம் யாரும் பேசமாட்டார்கள். சூடையும் கீரியும் வெள்ளி வெள்ளியாகத் துள்ளும். இடையே பாரைக்குட்டி, வாளை, கணவாய். சில நாள் மீனில்லாமல் சாதாளையும் சொறியும் மட்டும் வரும். அன்றைக்கு அம்பா எடுத்தவர் வேறு மாதிரிப் பாடுவார்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்த தொழிலாளர்களுக்கு ஒரு பங்கு. எங்களுக்குப் பங்கு கிடையாது, நாங்கள் தொழிலாளிகள் இல்லையே. ஆனால் கயிறு பிடித்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அந்தக் கரையில் ஒரு வழமை இருந்தது. வழியில் வந்த கிழவரோ, சின்னப் பிள்ளையோ, வலையில் கை வைத்துவிட்டால் கறிக்கு மீன் உண்டு. ஈர்க்கில் செவுள் கோத்து ஒரு கோர்வை கையில் வரும். அதை யாரும் தர்மமாக நினைத்துக் கொடுக்கவுமில்லை, நாங்கள் அப்படி நினைத்து வாங்கவுமில்லை.

கோர்வையோடு நேரே, கரையில் சமைத்துக் கொடுத்த ஆச்சி ஒருவரின் வாடிக்கு. அவவுக்குக் கடைப் பலகை ஒன்றும் இல்லை. மூன்று கல் அடுப்பு, ஒரு பிட்டுக் குழல், ஒரு நீண்ட வாங்கு, அவ்வளவுதான்.

"என்ன மோனை, இண்டைக்குச் சூடையோ?"

"ஓமாச்சி, ரெண்டு பாரையும் கிடக்கு."

"அப்ப பாரையைக் குழம்பு வைக்கிறன். சூடையில பாதி எனக்கு."

பேரம் அத்தோடு முடிந்தது. பாதி மீனுக்குப் பிட்டு, பழப்புளி விட்ட குழம்பு, மிச்சச் சூடை பொரியல், கடைசியில் பனங்கட்டிக் கடியோடு பிளேன்ரீ. பிளேன்ரீக்கு மட்டும்தான் காசு. அதையும் சில நாள் "பிறகு தா" என்பா. கணவாய் கிடைத்த நாளில் ஆச்சியின் குழம்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறெங்கும் நகராது, விட்டுவிடுகிறேன். பிறகு மத்தியானம் வரை வள்ளத்தின் நிழலில் படுக்கை. பின்னேரம் கடலில் குளிப்பு, யாராவது வீட்டுக் கிணற்றில் உப்புக் கழுவல், சைக்கிள்.

பாதை திறந்ததில் எங்களுக்கு ஒரு நட்டமும் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் இல்லை, ஐசும் இல்லை; பிடித்த மீன் வன்னிக்குள்ளேயே தின்று தீரவேண்டும், மிஞ்சினால் கருவாடு. பாதை திறந்ததும் ஐஸ் பெட்டியோடு கூலர் லொறிகள் வந்தன. பெரிய மீன் கொழும்புக்கு ஏறியது. கரையில் விலையும் ஏறியது. தொழிலாளிக்கு அது நல்ல காலம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் கோர்வையில் பாரை குறைந்து சூடை கூடியது, அவ்வளவுதான்.

நந்திக்கடல் என்றால் வெளியுலகத்துக்கு இப்போது போர் முடிந்த 2009 வைகாசி. எங்களுக்கு அது இறால். மாரி மழைக்கு நீரேரி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறப் பார்க்கும்போது வட்டுவாகலில் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாயும், இறாலும் அதோடு ஓடும். அந்த இரவுகளில் பாலத்தடியில் விளக்குகள் வரிசையாக நிற்கும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். அதற்கு ஒரு கிழமை முன், திங்கட்கிழமை, முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் கடல்நீர் மொண்டு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு நடையாகக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில் விளக்கு எரியும். அடுத்த திங்கள் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். அந்த ஓர் இரவுக்கு வன்னி முழுவதும் நந்திக்கடல் ஓரத்து மணலில் படுத்திருக்கும். பாயும் ஒரு பை கச்சானும் இருந்தால் போதும். சோறு அன்னதானத்தில், படுக்கை மணலில், கூத்து விடியும் வரை.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், சுனாமி. கள்ளப்பாட்டில் வாடிகள் நின்ற இடம் வெறும் மணலாகக் கிடந்தது. அம்பா எடுத்தவர் போனார். ஆச்சி போனா. எங்கள் வகுப்பிலும் இடங்கள் காலியாகின. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. பிறகு போர். பிறகு முகாம் வாழ்க்கை.

மீளக்குடியேறியபின் அந்தக் கரைக்குப் போகத் துணிவு வரச் சில வருடமானது. வட்டுவாகலில் கடற்படை முகாம் வேலிக்குள் போன காணிகளுக்காகச் சனம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் ஏறின. கூனி இறால் வீசுகிறவனுக்கு எது தன் தண்ணீர், எது அரசாங்கத்தின் தண்ணீர் என்று விளங்கவில்லை. கரைவலை இன்னும் உண்டு. ஆனால் பல இடங்களில் உழவு இயந்திரம் மணலில் நின்று கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. கை இழுத்தால் வலை கடலடிப் பாரில் மாட்டியது கைக்குத் தெரியும், நிறுத்தலாம். இயந்திரம் அடியையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். அதைவிட எனக்கு உறைப்பது வேறு: இயந்திரத்துக்கு உதவி வேண்டாம். உதவி வேண்டாத கரையில் வழிப்போக்கனுக்குக் கோர்வையும் இல்லை. ஏழையும் மாணவனும் அந்தக் கடலில் நுழைய இருந்த வாசல் அந்தக் கயிறுதான் என்பது என் எண்ணம்.

ஆனாலும் கையில் கொஞ்சக் காசோடு போக இன்றும் ஏற்ற கரை அது. பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவுக்கு இ.போ.ச பஸ் ஓடுகிறது. விடுதியும் ஏசி அறையும் தேடாதீர்கள். விடியப்புறமே வாடிக்குப் போய் வள்ளம் கரையேறும்போது மீனை வாங்குங்கள். சந்தைக்கு வந்தபின் வாங்கினால் விலை வேறு. தெரிந்த வீடு இருந்தால் சமைக்கக் கொடுங்கள், பாதியை அவர்களுக்கு விடுங்கள். தெரிந்தவர் இல்லாவிட்டால் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் மலிவாக வயிறு நிறையும். எங்காவது கையால் வலை இழுப்பதைக் கண்டால் படம் எடுக்கும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் போங்கள், சோளகக் காற்றுக்கு இந்தப் பக்கக் கடல் படுத்திருக்கும். வாடைக் காற்று எழும்பினால் வள்ளங்கள் மணலில் ஏறிவிடும். பிறகு தை கழியும் வரை கரைவலை இல்லை.