துணி வித்து வாங்கின கடற்கரை!

என்ன பாஸ், மொய்க் கவர்ல 101 ரூபாய் வெச்சுப் பேர் எழுதின அனுபவம் இருக்கா? நம்ம கொங்குக் கல்யாணத்துல யார், எந்த ஊர், எவ்வளவுன்னு எல்லாம் நோட்டுல ஏறிடும். நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யணுமே!

க்ரவுட்ஃபண்டிங்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2009-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்ச 'கிக்ஸ்டார்ட்டர்'ல, காசு போடுறவங்களுக்குப் பதிலுக்கு ஏதாவது தருவாங்க. குறிச்ச தொகை சேரலைன்னா, யார்கிட்டயும் பைசா எடுக்க மாட்டாங்க.

இப்ப எதுக்கு இதெல்லாம்னு கேட்கறீங்களா? எனக்குத் தெரிஞ்ச ஓவியர் அக்கா ஒருத்தங்களுக்கு, வெளிநாட்டுல தங்கி வரைய வாய்ப்பு வந்திருக்கு. தங்க இடம் அவங்க தர்றாங்க, ஃப்ளைட் டிக்கெட்டும் மத்த செலவும் நம்ம பாடு. தேவை ஒன்றரை லட்சம். 500 ரூபாய் தர்றவங்களுக்குக் கையால அச்சடிச்ச படம் ஒண்ணு பரிசுன்னு ஐடியா. அக்காவோட அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பலை. "ஊரெல்லாம் கை நீட்டறதா கண்ணு? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அவிநாசி ரோட்டுல இருக்கிற கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரிக்குப் போயிருக்கீங்களா? ஓவியமும் துணி மியூசியமும் ஒரே வளாகத்துல இருக்கும். அங்கே வெச்சுத்தான் அக்கா புலம்பினாங்க. எனக்கு கே.சி.எஸ். பணிக்கர் ஞாபகம் வந்தார். அவர் பிறந்தது நம்ம கோயம்புத்தூர்ல, 1911-ல். அப்பா இறந்ததால படிப்பை விட்டுட்டு தந்தி இலாகா வேலைக்குப் போனவர், 25 வயசுலதான் சென்னை ஓவியப் பள்ளியில சேர்ந்தார். பிறகு அதே பள்ளிக்கே முதல்வர் ஆனார்!

அவர் உருவாக்கின ஊரைப் பார்த்துட்டு வந்துடலாம்னு ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். சென்னையில இறங்கி, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர்.ல போனா ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மர நிழல், வெட்டவெளியில சிற்பங்கள், ஓவியர்களோட வீடுகள், மியூசியம். கொஞ்சம் நடந்தா கடல்.

இந்த இடத்துக்கு யார் காசு போட்டாங்க தெரியுமா? ஓவியர்களேதான்! ஓவியம் படிச்சவங்க பிழைப்புக்காக வேற வேலைக்குப் போய், வரையறதையே விட்டுடறாங்களேங்கிறது பணிக்கரோட கவலை. பாதிக் துணி மாதிரி கைவினைப் பொருட்கள் செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுல நிலம் வாங்கி, குடிசை போட்டு, 1966-ல் கிராமத்தை ஆரம்பிச்சாங்க. கைவேலை சோறு போடும், அதனால ஓவியத்தை வாங்கறவர் ரசனைக்கு வளைக்க வேண்டாம். இதுதான் சூத்திரம்.

திரும்பி வந்ததும் என் இன்ஜினீயரிங் மூளை கால்குலேட்டரைத் தட்டுச்சு. ஒரு படத்துக்குப் பேப்பர், மை, தபால் எல்லாம் சேர்த்து 120 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 500-ல் மிச்சம் 380-தான். அப்போ ஒன்றரை லட்சத்துக்கு 300 பேர் போதாது, 395 பேர் வேணும்! ஒரு நாளைக்கு 12 படம்னா 33 நாள். 'காசு கிடைச்சா போதும்'னு இறங்கினா, ஓவியம் வரையப் போறவங்க மெஷினா மாறிடுவாங்க. அதனால அக்காவுக்கு ரெண்டு கண்டிஷன் சொன்னேன். பரிசுக்கு ஆகற செலவையும் சேர்த்தே தொகையைக் குறிக்கணும். காலையில ஓவியம், சாயங்காலம் மட்டும் அச்சு.

சோழமண்டலம் கதையை அம்மாகிட்டயும் சொன்னேன். "கைவேலைக்குத்தான் காசு வாங்கறோம், கை நீட்டலைங்கம்மா" என்றேன். பதிலே பேசாம உள்ளே போனவங்க, நீள நோட்டு ஒண்ணோட வந்தாங்க.

"பேரு, ஊரு எல்லாம் சரியா எழுதிக்கோணும். ஒருத்தருக்கும் படம் போகாம இருக்கக் கூடாது கண்ணு" என்றபடி 500 ரூபாயை நீட்டினாங்க.

முதல் வரியில அம்மா பேர்!