திரையில் ஓடினால் போதாது

1989இல் வெளிவந்த கேம் பாய்க்கு இன்றும் புதிய விளையாட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. நிண்டெண்டோ அதை எப்போதோ கைகழுவிவிட்டது. இப்போது எழுதுவதும் கார்ட்ரிட்ஜில் ஏற்றி விற்பதும் என்னைப் போன்ற தனியாட்களும் சின்னச் சின்னக் குழுக்களும்தான். “போனுக்குச் செய்தால் இன்னும் நிறையப் பேர் விளையாடுவார்களே” என்பார்கள். விளையாடுவார்கள்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது.

திரை 160க்கு 144 பிக்சல். பச்சை படர்ந்த அந்தத் திரையில் நான்கே சாயல்கள். இயங்கு நினைவகம் 8 கிலோபைட், படத்துக்கென்று இன்னொரு 8. எல்லாவற்றையும் 8க்கு 8 பிக்சல் டைல்களாகவே அடுக்க வேண்டும். நகரும் உருவங்களுக்கான ஸ்ப்ரைட் மொத்தம் 40. ஒரே வரியில் 10க்கு மேல் வந்தால் மிச்சம் கண்ணில் படாது. நாயகன் 16 பிக்சல் அகலம் என்றால் அவன் ஒருவனே இரண்டைப் பிடித்துக்கொள்வான். ஆகவே எதிரிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தாமல் மேலும் கீழுமாகச் சிதறவிடுகிறேன். பார்ப்பவர்கள் அதை என் ரசனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்; நானும் மறுப்பதில்லை.

உண்மையான மல்லுக்கட்டு நேரத்தோடுதான். திரை நொடிக்குச் சுமார் 60 முறை வரையப்படுகிறது. ஒவ்வொரு வரியையும் வரையும்போது பட நினைவகம் பூட்டிக்கொள்ளும். கடைசி வரி முடிந்து முதல் வரி மறுபடி தொடங்குவதற்குள் ஒரு மில்லிநொடிக்குச் சற்றே கூடுதலாக இடைவெளி கிடைக்கும். பெரிய மாற்றங்களை அதற்குள் முடிக்க வேண்டும். நாயகன் வலப்பக்கம் நடக்கிறான், புதிய காட்சி ஒரு பத்தியாக உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்திக்கு 18 டைல், டைலுக்கு 16 பைட், ஆக 288 பைட். சாதாரணமாக எழுதினால் அந்த இடைவெளி போதாது. நேரம் தப்பி எழுதிய பைட்டுகளைக் கருவி சத்தமில்லாமல் விழுங்கிவிடும். காட்சியின் கீழ்ப்பாதியில் குப்பைக் கட்டங்கள் நிற்கும். நான் பத்தியை இரண்டாக வெட்டி, மேல் 9 டைலை ஒரு சுற்றிலும் கீழ் 9 டைலை அடுத்த சுற்றிலும் ஏற்றுகிறேன். சுற்றுக்கு ஒரு பிக்சல் நடப்பவன் ஒரு டைலைக் கடக்க 8 சுற்று ஆகுமே, அவசரமில்லை.

கணினியில் கேம் பாயைப் போல நடிக்கும் எமுலேட்டர்களில் சில இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். பூட்டிய நேரத்தில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். உண்மைக் கருவியைப் போட்டதும் நினைவகத்தில் கண்டதும் கிடக்கும். இந்த எமுலேட்டர்கள் அதையும் பூஜ்ஜியமாக்கித் தரும். திரையின் மந்தத்தையும் காட்டாது. பழைய கேம் பாயில் வேகமாக நகரும் எதுவும் வால் நீட்டும், மெல்லிய தோட்டா காணாமலே போகும். கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழு விலையும் மின்செலவும் குறைவான திரையைத் தேர்ந்ததால்தான் நான்கு பென்சில் செல்லில் அது பல மணி நேரம் ஓடியது. அதற்கு ஈடாக நாம் தோட்டாவைத் தடிமனாக்கி, மெதுவாக்கி, பின்னணியைக் காலியாக விட வேண்டும். பின்னொளி கிடையாது என்பதால் ஜன்னல் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

வெளியீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கருவியைப் போட்டதும் கார்ட்ரிட்ஜில் நிண்டெண்டோ சின்னத்துக்கான 48 பைட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அந்த நிறுவனத்தைக் கேட்காமல் செய்த விளையாட்டும் அதன் பெயரைக் காட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது.

கார்ட்ரிட்ஜ் கைமாறிய பிறகு இணையம் வழியே திருத்தம் அனுப்ப வழியில்லை. ஆட்டத்தைச் சேமிக்கப் பழைய கார்ட்ரிட்ஜ்களில் பொத்தான் பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் சேமித்ததும் போச்சு. பேட்டரி தேவைப்படாத எஃப்ராம் சில்லு கொஞ்சம் விலை கூடுதல், ஆனாலும் அதையே போடுங்கள். ஒரு மணி நேர விளையாட்டென்றால் சேமிப்புக்குப் பதில் கடவுச்சொல்லே தாராளம்.

இதில் இறங்க நினைப்பவர்கள் ஜிபி ஸ்டூடியோவில் நிரல் எழுதாமலே தொடங்கலாம். முதல் டைலை வரைவதற்கு முன் பழைய கேம் பாய் ஒன்றையும், ரோமை ஏற்றிப் பார்க்க ஒரு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.