50 பைட்டில் அடங்காத பொன்னியின் செல்வன்

நூலகம் ஒன்றின் பழைய புத்தகப் பட்டியலை ஆரக்கிள் தரவுத்தளத்தில் மொத்தமாக ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். பொறியாளரின் திரையில் எஸ்க்யூஎல் லோடருக்கான கன்ட்ரோல் ஃபைல் திறந்திருந்தது.

“லோடருக்குத் தலைப்பு எது, ஆசிரியர் எது என்று தெரியாது சார். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாமதான் எழுதித் தரணும்” என்றார். எழுதியும் வைத்திருந்தார்: 1 முதல் 10 வரை பதிவெண், 11–60 தலைப்பு, 61–90 ஆசிரியர், 91–98 வாங்கிய தேதி, அதற்குப் பின் புத்தகக் குறிப்பு. பதிவெண்ணுக்கு ‘இன்டிஜர்’ என்று மட்டும் போடக் கூடாதாம். ‘எக்ஸ்டர்னல்’ சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால், எழுத்தாக இருக்கும் இலக்கங்களை பைனரியாகப் படித்து, சம்பந்தமில்லாத எண்ணை ஏற்றிவிடும்.

‘லோடு=10’ என்று கொடுத்து, முதல் 10 பதிவுகளை மட்டும் ஓட்டினார். ஆங்கிலப் புத்தகங்கள் ஏறின. தமிழ்ப் புத்தகங்கள் அத்தனையும், ஏற்க முடியாத பதிவுகளை லோடர் ஒதுக்கிவைக்கும் பேட் ஃபைலில் கிடந்தன.

பட்டியல் முதலில் ‘டாப்’ குறியேற்றத்தில் இருந்தது. அதில் ஒரு குறிக்கு ஒரு பைட். யுனிகோடுக்கு மாற்றியதும், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ என்பதில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 17 குறிகள், ஓர் இடைவெளி: மொத்தம் 52 பைட். தலைப்புக்கு ஒதுக்கியதோ 50. கடைசி ‘ன்’னின் புள்ளி நடுவில் வெட்டுப்பட, பின்னால் உள்ளவை எல்லாம் இடம் நகர்ந்து, தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து நின்றது. நீளத்தை எழுத்துக் கணக்கில் எடுக்கும்படி அறிவித்தாலும், ‘பொசிஷன்’ என்று தரும் இட எண்களை லோடர் பைட்டாகவே எண்ணும்.

பொறியாளர் மூலக் கோப்புக்கே திரும்பினார். பழைய அளவுப்படி முதலில் பிரித்து, பிறகு யுனிகோடாக்கி, புலங்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு போட்டார். கன்ட்ரோல் ஃபைலில் இட எண்கள் போய், ‘டெர்மினேட்டட் பை’ வந்தது. புத்தகக் குறிப்புக்கு மட்டும் ‘கேர்(4000)’ என்று நீளத்தையும் எழுதினார். எழுதாவிட்டால் லோடர் 255 பைட்தான் ஒதுக்கும். தமிழுக்கு அது 85 குறி. அதைத் தாண்டினால் பதிவே தள்ளுபடி.

இம்முறை 10 பதிவுகளும் ஏறின. முழுப் பட்டியலை ஓட்டும்போது பிழை வரம்பை உயர்த்துவீர்களா என்று கேட்டேன். அது வழக்கமாக 50; தாண்டினால் லோடர் நின்றுவிடும். “மாட்டேன் சார். அமைப்பு தப்புன்னா சீக்கிரம் நிக்கறதுதான் நல்லது. லட்சம் வரி தப்பா ஏறினப்புறம் யார் உட்கார்ந்து அழிக்கிறது?”