கதை கேட்கக் கற்றுக்கொண்ட சனிக்கிழமைகள்



இவ்வாரம் ஓர் அறிக்கையிடுதலோடு தொடங்குகிறேன். உங்கள் போதகர் நாவல் படிக்கிறவர். ஞாயிறு பிற்பகலில் நான் இளைப்பாறுகிறேன் அல்லது அடுத்த வாரச் செய்திக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று எண்ணி, தொலைபேசியில் அழைக்கத் தயங்குகிறவர்கள் உங்களில் பலர். அந்தத் தயக்கத்தின் நிழலிலே நான் பல நல்ல கதைகளைப் படித்து முடித்திருக்கிறேன். இனி அதை மறைப்பதில் பொருளில்லை. ஏனெனில், கடந்த ஈராண்டுகளாக நம் ஞாயிறுபள்ளி அறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் கூடும் சிறு கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் தகப்பனார் கண்டிப்பானவர். நாவல் என்றாலே அவருக்குப் பொய்க்கதை. வீட்டில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் எங்கள் பாடநூல்களும் மட்டுமே இருந்தன. ஆனால், கோடை விடுமுறைக்கு நாங்கள் போகும் அத்தை வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் அத்தை கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு அதற்குள் வைத்திருந்தார். ஐந்து பாகங்களில் நான்கு மட்டுமே அங்கே இருந்தன. நான்காம் பாகமான ‘மணிமகுடம்’ யாரோ இரவல் வாங்கிப் போனது, திரும்பவில்லை.

மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு நான் அழாத குறையாக நின்றேன். அத்தை, “உட்கார், நான் சொல்கிறேன்” என்றார். அன்று முதல் எட்டு மாலைகள், திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே, அந்தப் பாகத்தை எனக்கு வாயால் சொல்லி முடித்தார். நான் இடையிடையே கேள்வி கேட்பேன். “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்பேன். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்பார். பல ஆண்டுகள் கழித்து அந்த நான்காம் பாகத்தை நானே வாங்கிப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சொன்ன கதையில் ஓடக்காரி பூங்குழலி வந்த இடங்களும் பேசிய பேச்சுகளும் கல்கி எழுதியதைவிட மிக அதிகம்! அத்தைக்கு அவளைப் பிடிக்கும். அவ்வளவுதான் காரணம். இன்று யோசித்தால், நான் சேர்ந்த முதல் வாசகர் வட்டம் அந்தத் திண்ணைதான். உறுப்பினர் இருவர்.

இறையியல் கல்லூரிக்குப் போனபின் நாவல்களை மூட்டை கட்டி வைத்தேன். ஊழியத்துக்கு வந்தவன் கற்பனையில் காலம் கழிக்கலாகாது என்று எனக்கு நானே சட்டம் இட்டுக்கொண்டேன். அப்படியும் ஒரு முறை சறுக்கினேன். மதுரையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எழுந்தபின் அவரிடம் கேட்டு வாங்கினேன். அந்த நாவல் 1976-இல் வெளிவந்தது. வடக்கேயிருந்து உயிர்பிழைக்க ஓடிவந்த ஒரு கூட்டம் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. சன்னலுக்கு வெளியே அதே கரிசல் மண் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகரில் இறங்க வேண்டிய நான் சாத்தூரில் இறங்கினேன். அன்று ஒரு திருமணத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பயனையும் எண்ணாமல் ஒரு கதைக்குள் காணாமற்போகும் இந்த இன்பமே நல்லதொரு ஈவு என்றுதான் நான் கருதுகிறேன். அதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

நாவல் கிறிஸ்தவர்களுக்கு ஏற்றதா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கிறிஸ்தவர், முன்சீபாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர், பெண்கல்விக்காக வாதாடியவர். அந்நூல் 1879-இல் அச்சேறியது. பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் கற்பனைக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்தைப் பாடினார். இன்னும் பின்னே போனால், தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி எப்படிப் போனார் என்பதை நாம் அறிவோம். குற்றச்சாட்டோடு போகவில்லை. ஓர் ஏழையையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றிய கதையோடு போனார். அரசன் கதையைக் கேட்டுக் கோபம் கொண்ட பிறகே, அந்தக் கதை தன்னைப் பற்றியது என்று அறிந்தான். நேராகச் சொன்னால் கதவடைத்துக்கொள்ளும் உள்ளம், கதைக்குத் திறந்துவிடுகிறது.

இதையெல்லாம் பிரசங்க மேடையில் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால், அதன் பொருள் புரிந்தது பிந்தித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி தம் கணவரை இழந்தார். நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன், ஜெபித்தேன், ஆறுதலான வசனங்களைச் சொன்னேன். மூன்றாம் முறை வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவர் சொன்னார்: “ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. அன்றும் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காலத்தில்தான், நம் சபையில் எல்லாராலும் பெரிய டீச்சர் என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்னிடம் வந்து, ஒரு வாசகர் வட்டம் தொடங்கலாம் என்றார். எட்டுப் பேர் சேர்ந்தோம். ஒரு செவிலியர் கல்லூரி மாணவி, ஒரு ஆட்டோ ஓட்டுநர், வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற தம்பதியர், மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, ஏட்டையா என்று நாம் அழைக்கும் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், பெரிய டீச்சர், நான். பெரிய டீச்சர் இரண்டு விதிகள் வகுத்தார். ஒன்று, புத்தகத்தை முடிக்காமல் வருகிறவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. இரண்டு, யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். ஞாயிறுபள்ளியின் கைமணியையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். முதல் கூட்டத்தில் அந்த மணி நான்கு முறை அடித்தது, நான்கும் எனக்காகத்தான்.

முதலில் எடுத்துக்கொண்ட நூல் ‘ஏழை படும் பாடு’. பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில் தமிழில் தந்தார். ரொட்டி திருடியதற்காகச் சிறைக்குப் போய், தப்பி ஓட முயன்றதால் தண்டனை நீண்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வெளியே வருகிறான் ஒருவன். எல்லாக் கதவுகளும் அவனுக்கு அடைபடுகின்றன. ஒரு வயது முதிர்ந்த பேராயர் மட்டும் சோறிட்டுப் படுக்கையும் தருகிறார். அவன் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு போய்ப் பிடிபடுகிறான். பேராயரோ அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, வெள்ளி விளக்குத்தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்கு மூன்று பிரசங்கங்கள் ஆயத்தமாக இருந்தன. மணி இருந்ததால் பேசவில்லை.

எங்கள் எல்லாருக்கும் பேராயரைப் பிடித்தது. ஏட்டையாவுக்கு மட்டும், அந்த மனிதனை ஆயுள் முழுவதும் துரத்தும் காவல் அதிகாரியைப் பிடித்தது. “அவர் என்ன தவறு செய்தார்? சட்டம் என்றால் சட்டம்தானே?” என்று வாதாடினார். மளிகைக்கடைத் தம்பி எதிர்வாதம் செய்தார். அன்று குரல்கள் உயர்ந்தன. கூட்டம் கலையும்போது, ஏட்டையா இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த மாதம் அவர் எல்லாருக்கும் முன்பே வந்து அமர்ந்திருந்தார். நூலகப் புத்தகத்தைச் செய்தித்தாளில் பொதிந்து மடியில் வைத்திருந்தார். அந்தப் பகுதியில், தான் துரத்தியவனாலேயே உயிர் காப்பாற்றப்பட்ட அதிகாரி, இரக்கத்துக்கும் கடமைக்கும் நடுவே நிற்க இயலாமல் ஆற்றில் விழுந்து இறந்துபோகிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஏட்டையா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“முப்பது வருஷத்துக்கு முன்னால் சைக்கிள் திருடிய ஒரு பையனைப் பிடித்தோம். அதில் தவறில்லை. அவனுடைய தாய் ஒரு தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, வாசலில் இரண்டு நாள் நின்றாள். அதை வாங்கி உள்ளே கொடுத்திருக்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. நான்தான் கொடுக்கவில்லை.”

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மன்னிப்பைப் பற்றி நான் அறிந்திருந்த எல்லா வார்த்தைகளும் என் நாவின் நுனியில் வந்து நின்றன. பெரிய டீச்சரின் விரல்கள் மணியின்மேல் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது அந்தச் செவிலியர் மாணவி மெதுவாகக் கேட்டாள்:

“அந்தத் தூக்குவாளியில் என்ன சோறு இருந்தது, ஏட்டையா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “திறந்து பார்க்கவில்லையம்மா. கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. இன்றைக்கும் வீட்டில் அந்த வாசம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஏன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது.”

பத்தொன்பது வயதுப் பெண் கேட்ட அந்த ஒரு கேள்வி! அவள் அவரைத் தேற்றவுமில்லை, தீர்க்கவுமில்லை. அவர் நின்ற இடத்துக்கே போய், அந்தத் தூக்குவாளியின் அருகில் நின்றாள். ஒரு நாவலைப் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் செய்வது இதைத்தான். இன்னொருவருடைய உள்ளத்துக்குள் நுழைந்து, அவசரப்படாமல், அங்கே என்ன இருக்கிறதென்று பார்க்கிறார். ஆண்டுக்கணக்கில் பல ஜெபக்கூட்டங்களில் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த மனிதர் அவர். அந்தத் தூக்குவாளியைப் பற்றி நான் அறிய, எங்கோ பிரான்சு நாட்டில் எழுதப்பட்ட ஒரு கதை வேண்டியிருந்தது.

மறுவாரம் நான் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. காபி கொண்டுவந்து வைத்தார். நான் வேதாகமத்தைத் திறக்கவில்லை. “அம்மா, அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, அவர் சுண்ணாம்பு அடிக்கும்போது பழைய சினிமாப் பாட்டுப் பாடுவார் என்று தொடங்கினார். ஒன்றரை மணிநேரம் பேசினார். இரண்டு முறை சிரித்தார். ஒரு முறை அழுதார். காபி ஆறிப்போனது. நான் கிளம்பியபோது அவர், “இப்போது ஜெபம் பண்ணுங்கள், ஐயா” என்றார்.

சபையாரே, நாவல் படித்தால் எல்லாரும் நல்லவராகிவிடுவர் என்று நான் சொல்லமாட்டேன். நிறையப் படித்தும் இரக்கமற்றிருப்பவர்களை நான் அறிவேன். ஆனால், கேட்கப் பழகாத செவிக்குக் கதை ஒரு பயிற்சி. தனியே படித்தால் நம் விருப்பத்தின்படியே படிக்கிறோம். நமக்குப் பிடித்தவரோடு மட்டும் நடக்கிறோம். கூடிப் படிக்கும்போது, நாம் வெறுத்த பாத்திரத்தை நேசிக்கிற ஒருவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் நேசிக்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. என் அத்தைக்குப் பூங்குழலியை ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் கேட்டதே இல்லை. இனிக் கேட்கவும் இயலாது.

செலவைக் குறித்து யாரும் தயங்க வேண்டாம். 1948-இலேயே பொது நூலகங்களுக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. நம் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆவதற்கு ஆகும் தொகை சிறியதே. ஒரே படி கிடைத்தால் இருவர் மாற்றி மாற்றிப் படிக்கலாம். கண்பார்வை மங்கியவர்களுக்கு வாசித்துக் காட்ட நம் வாலிபர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அடுத்து வேதநாயகம் பிள்ளையின் நாவலைத்தான் எடுக்கிறோம். நடை பழையது, ஆனால் சிரிக்கவைப்பது. எட்டாக இருந்த நாற்காலிகள் இப்போது பதினொன்றாகியிருக்கின்றன. அந்தச் சகோதரியும் வருகிறார். ஏட்டையாதான் நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறார்.

இவ்வாரத்துக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒருவரிடம், பதில் சொல்லும் எண்ணமின்றி, ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

நம்மைச் சுற்றியிருப்பவர்களின் கதைகளைக் கேட்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக.

உங்கள் ஊழியன்.