நீதியான போரும் நவாலி தேவாலயமும்

நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தோட்டனூத்து தெரிந்திருக்கும். இலங்கைத் தமிழர்கள் வாழும் ஊர். 2022-ல் அரசு அங்கே அவர்களுக்கு 321 வீடுகள் கட்டிக் கொடுத்தது. அங்குள்ள பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம்; யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஐயா, ஞாயமான சண்டை எண்டு ஒண்டு இருக்கெண்டு எங்கட சாமிமார் சொல்லித் தந்தவை. கோயிலுக்குள்ள இருந்த சனத்துக்கு மேல குண்டு போட்டா, அது எந்த ஞாயம்?"

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஆதிக் கிறிஸ்தவர்களில் பலர் ஆயுதமே தொடக்கூடாது என்றவர்கள். பிறகு வந்த புனித அகுஸ்தீன், அநீதியைத் தடுக்கப் போர் தேவைப்படலாம், ஆனால் அதைத் துக்கத்தோடுதான் செய்ய வேண்டும் என்றார். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: போர் தொடுக்க உரிமையுள்ள அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். வேறு வழியே இல்லாதபோதுதான் போர், விளையும் கேடு தடுக்க நினைக்கும் கேட்டை மிஞ்சக்கூடாது, ஆயுதம் ஏந்தாதவரைத் தாக்கக்கூடாது என்பவையும் திருச்சபைப் போதனையில் உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. புறநானூற்றின் 9-ம் பாடலில் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்வது இதற்காகத்தான். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளையில்லாதவர்கள் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று முன்னறிவித்துவிட்டு அம்பு தொடுக்கிறவன் அவன்.

நவாலியில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்திரிகா அரசு தன் போருக்கு வைத்த பெயர் 'சமாதானத்துக்கான போர்'. கோயில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சமடையுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பிப் போனவர்கள் மேல் 1995 ஜூலை 9 அன்று விமானம் குண்டு போட்டது. நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். 1999 நவம்பர் 20-ல் மடு மாதா கோயில் வளாகத்தில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தபோது, இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. மடுவை ஆயுதமில்லாத பகுதியாக்குங்கள் என்று மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் இரு தரப்பிடமும் மன்றாடினார்.

நிபந்தனை இரு தரப்புக்கும் ஒன்றுதான். 2009-ல் ராணுவம் மக்கள் இருந்த இடங்களில் எறிகணை வீசியதையும், தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் 2011-ம் ஆண்டின் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சேர்த்தே சொல்கிறது. தமிழன் என்பதால் இரண்டாவதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் அதை மறைத்துவிட்டு நவாலிக்கு நியாயம் கேட்க முடியாது.

இன்றைய ஆயுதங்களை வைத்துக்கொண்டு 'நீதியான போர்' என்று பேசுவதே மிகவும் கடினம் என்று 2020-ல் போப் பிரான்சிஸ் எழுதினார். சண்டைச் செய்தி வந்தாலே யார் பக்கம் நியாயம் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். ஒதுங்க இடம் தேடிப் போன சனம் என்ன ஆனது என்பதை முதலில் கேட்போம். மற்ற நியாயங்களை அதற்கப்புறம் பேசலாம்.