பதறாத காரியம்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. கணினி என்னும் சொல்லே தோன்றாத காலத்தில் பிறந்த அம்மொழி, கணினியைப் பழுது பார்ப்போர்க்கே மிகுதியும் பொருந்துகிறது.

கணினியின் நினைவு இரண்டு இடங்களில் உறைகிறது. ஒன்று, தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் மிகச் சிறிய சில்லு. அதில் எழுதப்பட்ட நிரலே நிலைபொருள். மின்சாரம் பாய்ந்தவுடன் கணினியைத் துயில் எழுப்பி, அதன் உறுப்புகளை அதற்கு அறிமுகம் செய்வது அதுவே. மற்றொன்று, மாந்தர் எழுதியவற்றையெல்லாம் தாங்கும் வட்டுகள். முன்னது விழிப்பு, பின்னது செல்வம்.

தொடக்கக் காலத்தில் நிலைபொருள் மாற்ற இயலாதபடி பதிக்கப்பட்டது. 1990களில் திருத்தி எழுதத்தக்க சில்லுகள் பரவின. வசதி வந்தது, அதனுடன் இடரும் வந்தது. 1998ஆம் ஆண்டில் தோன்றிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26ஆம் நாள் தென்கொரியா முதலிய நாடுகளில் பெருங்கேடு விளைவித்தது. வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, இடம் கிடைத்த கணினிகளில் நிலைபொருளையும் அது சிதைத்தது. அக்கணினிகள் விழிக்கவே மறந்தன. இன்றும் நிலைபொருளைப் புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் அந்நிலை நேரக்கூடும்.

ஆயினும் அது இறப்பன்று, மயக்கமே. சில தாய்ப்பலகைகளில் நிலைபொருளின் மறுபடி இன்னொரு சில்லில் காத்திருக்கும். சிலவற்றில், உரிய கோப்பை உரிய பெயரிட்டு விரலியில் வைத்து, குறித்த துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். இவை எவையும் உதவாவிடில், எழுதுகருவியைச் சில்லின் கால்களில் கவ்வச் செய்து, நிரலை நேரே எழுதலாம்.

கணினி விழித்துவிட்டது. ஆனால் தன் செல்வத்தை அது அடையாளம் காணுமா? உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

பணிநிலையக் கணினிகளில் செல்வத்தைப் பெரும்பாலும் ஒரே வட்டில் வைப்பதில்லை. பல வட்டுகளை ஓர் அணியாக்கி ஆளும் முறைக்கு, பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரை ‘ரெய்டு’ என்று பெயர் சூட்டிற்று. அதன் கருத்து எளிது. ஒரு வட்டில் 7, இன்னொன்றில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று கொள்வோம். எந்த வட்டு கெட்டாலும் எஞ்சிய இரண்டைக் கொண்டு இழந்த எண்ணை மீட்கலாம் அன்றோ? ஐந்தாம் வகை அணி இத்தகைய கணக்கையே இருமஎண்களில் செய்து, சரிபார்ப்பு எண்ணை எல்லா வட்டுகளிலும் மாறிமாறி எழுதி வைக்கிறது. நான்கு டெராபைட்டு கொண்ட மூன்று வட்டுகளில் எட்டு டெராபைட்டு பயன்படும். எஞ்சிய நான்கு காப்புக்கு ஆகும்.

நிலைபொருளை மீட்டெடுத்தபின் அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். தாய்ப்பலகையின் வழியே ஆளப்படும் அணியாயின், அணிமுறையும் அணைந்திருக்கக்கூடும். அப்போது திரையில் அணி தோன்றாது. தனித்தனி வட்டுகளே தோன்றும். இயங்குதளமோ, ‘வட்டைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவரட்டுமா?’ என்று பணிவுடன் வினவும். கலங்கிய உள்ளம் ‘ஆம்’ என்கிறது. புதிய அணி படைக்கிறது. நிலைபொருள் கெட்டபோது அழியாத செல்வம், அந்த ஒரு சொல்லால் அழிந்துபோகிறது.

உண்மையில் அணியின் குறிப்பு அந்தந்த வட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. எதையும் எழுதாமல், அணிமுறையை மீண்டும் இயக்கினால், வட்டுகள் தம் உறவைத் தாமே உரைக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் அணிகளை ஆளும் நிரல் இதற்கு இரு கட்டளைகளை வைத்துள்ளது: ஒன்று ‘கூட்டு’, மற்றொன்று ‘படை’. முன்னது இருப்பதை இணைக்கும். பின்னது இருப்பதன்மேல் புதியதை நிறுவும். சொற்பொருள் வேறுபாட்டை ஓராமல் ஒரு வினையை ஆண்டால் என்ன நேரும் என்பதை மொழியாசிரியர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

இன்னொன்றும் உண்டு. அணி, வட்டின் சாவினின்று காக்கும். மனிதரின் கையினின்று காவாது. ஒரு கோப்பை அழித்தால் அணி முழுவதிலும் அது அழியும். ஆகவே வேறோர் இடத்தில் வேறொரு படி வைத்திருத்தல் கடன். அப்படி ஒன்று இருக்கிறது என்னும் உறுதியே பழுது பார்ப்பவரின் கையை நடுங்காமல் நிறுத்துகிறது. பதறாமை பிறவிக் குணம் மட்டுமன்று. முன்னரே செய்துவைத்த ஏற்பாட்டின் பயனுமாகும்.