பதினொரு செக்கன்

எங்கள் ஊர்க் கிளைவீதிக்கு 2016 ஆம் ஆண்டு காப்பெற் போட்டார்கள். அன்று பின்னேரம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அதுவரை கிரவல் றோட்டுத்தான். மாரி வந்தால் குழி எது குளம் எது என்று தெரியாது. குழிக்குப் பயந்து எல்லா வாகனமும் ஊர்ந்துதான் வரும். அந்தக் குழிகள்தான் எங்களைக் காப்பாற்றி வந்தன என்பது அவற்றை மூடிய பிறகே விளங்கியது.

வேகம் கூடாதென்று வன்னியில் நாங்கள் நினைத்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள்களைத்தான் கண்டோம். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின், புலிகளின் காவல்துறையினர் வேகம் அளக்கும் கருவியோடு நின்று தண்டம் எழுதினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. 2009 இல் காயக்காரரை ஏற்றிக்கொண்டு வாகனங்கள் பறந்தபோது, இன்னும் வேகமாய்ப் போகாதா என்று கும்பிட்டோம்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த ஆண்டில்தான் இடது கால் தொடையோடு போனது. இப்போது செயற்கைக் காலோடு, விடிய இடியப்பம் அவித்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறா. ஒருநாள் றோட்டின் நடுவில் நின்றபோது மணல் ஏற்றிய ரிப்பர் ஒன்று வளைவால் வந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு ஓரத்தில் விழுந்தா. இடியப்பம் முழுவதும் தாரில். அக்கா அழவில்லை. "ஷெல் எண்டால் கூவிக்கொண்டு வரும் பிள்ளை, இது சத்தமே கேக்கேல்லை" என்றா.

அடுத்த நாள் நான் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தேன். அக்கா றோட்டைக் கடக்கப் பதினொரு செக்கன். வளைவில் இருந்து அந்த இடம் கிட்டத்தட்ட நூறு மீற்றர். கணக்குப் போட்டது சங்கத்தில் இருக்கும் ஒரு ரீச்சர். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வாகனம் பதினொரு செக்கனில் 180 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஊர்மனைகளுக்குள் சட்டம் விடும் 50 இல் வந்தாலும் 150 மீற்றர். 30 இல் வந்தால் மட்டும் தொண்ணூறு சொச்சம். அப்போதுதான் அக்கா காலை எடுத்து வைத்தபின் வளைவில் தலைகாட்டும் வாகனம் வந்துசேர முன்னர் அவ அக்கரை சேரலாம். பிறேக் கணக்கையும் ரீச்சர் சொன்னா: வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்தபின் இழுபட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மனு எழுதினோம். கொண்டுபோன கந்தோரில் எங்களை இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து திரும்பவும் இங்கே. பஸ் காசுக்கு மட்டும் எத்தனை தடவை சீட்டுப் பெட்டியைத் திறந்தோமோ! இதற்கிடையில் வேல்ஸ் நாட்டில் இருக்கும் என் தம்பி ஒரு புதினம் சொன்னான். அங்கே 2023 செப்டெம்பரில் ஊர்மனை வீதிகளுக்கெல்லாம் 20 மைல், அதாவது 32 கிலோமீற்றர், என்று பொதுச் சட்டமே கொண்டுவந்தார்களாம். அதை நீக்கச் சொல்லி நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்களாம். வசதியான ஊரிலும் அப்படித்தானா என்று எங்களுக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

2024 இல் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கமும் 30 என்று பலகை வந்தது.

முதலில் எதிர்த்தவன் என் மகன். தகப்பன் போனபோது அவனுக்கு நாலு வயது. இப்போது மேசன் வேலை, லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள். "முப்பதிலை போறதுக்கு நான் ஏன் அம்மா லீசிங் கட்டுறன்?" என்றான். ஊரெல்லாம் மனு எழுதித் திரிந்த எனக்கு வீட்டுக்குள் பதில் வரவில்லை. அவனைக் காலமை பிந்தி எழுப்பிவிட்டு, வேலைக்குக் கெதியாய்ப் போ என்று துரத்துபவளும் நான்தானே.

அக்காதான் ஒருநாள் படலையில் நின்று அவனை மறித்தா. "தம்பி, நீ என்னைக் கண்டு பிறேக் பிடிக்க வேண்டாம். நான் உன்னைக் கண்டு ஒதுங்க நேரம் தந்தால் போதும்." அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

காலை ஆறரைக்கு அவன் வெளிக்கிட்டபின் நான் அடுப்படியில் நின்று காது கொடுப்பேன். பலகையடியில் எஞ்சின் சத்தம் தணிந்து, வளைவுக்கு அப்பால் திரும்பவும் எழும்பும். சில நாள் தணிகிறது. சில நாள் தணியாமலே போய்விடுகிறது. அன்றைக்குப் பின்னேரம் அவன் வந்ததும் சாப்பாடு போட முன்னர் கேட்டுவிடுவேன்.